கொட்டிவாக்கம் முதல் கோவளம் வரை கரைத்தூண்டில்: ஈயம் நிக்கல, இரை மட்டும் காலி. எங்கே தப்பு?

#1 கரைக்குப்_புதுசு

எல்லாருக்கும் வணக்கம். கொட்டிவாக்கம், நீலாங்கரை பக்கம் கரையில நின்னு போடுறதுக்கு இருக்கிற செட் இது: 10 அடி ராடு, 4000 சைஸ் ரீல், 20 பவுண்ட் பிரெய்டு (பின்னல் லைன்), 60 கிராம் உருண்டை ஈயம், 2/0 முள்ளு, இரைக்கு முழு இறால்.

மூணு பிரச்சினை. ஈயம் விழுந்த இடத்துல நிக்கறதே இல்ல, பத்து நிமிஷத்துல லைன் வடக்குப் பக்கம் வளைஞ்சு கரையில ஒதுங்குது. இறால் காலியாகுது, முள்ளு வெறுமனே வருது. மூணாவது, 70, 80 மீட்டர் தாண்டிப் போட்டாலும் கடி இல்ல. 12 அடி ராடு வாங்கி இன்னும் தூரம் போடணுமா?

#2 நீலாங்கரை_அலை

12 அடி ராடு வேண்டாம். இப்போ போடுற தூரமே அதிகம்.

நம்ம கரை சரிவு. அதனாலதான் அலை கடைசி நேரத்துல எழும்பி, கரையோரத்துலயே இடிஞ்சு விழுது. விடியற்காலையில கொஞ்சம் உயரமான மணல்ல ஏறி நின்னு பத்து நிமிஷம் தண்ணியை மட்டும் பாருங்க, ராடைத் தொடாதீங்க. வெளியில ஒரு வெள்ளைக் கோடு தெரியும்: அலை முதல் தடவை உடையற இடம், அதுக்கு அடியில மணல் திட்டு. கால்கிட்ட இன்னொரு வெள்ளைக் கோடு. ரெண்டுக்கும் நடுவுல நுரை அடங்கி, தண்ணி ஒரு சாயல் கருத்து, ஒரு பட்டையா ஓடும். அதுதான் பள்ளம். பெரும்பாலும் 20 முதல் 40 மீட்டருக்குள்ள.

திட்டு மேல அலை விழும்போது மணலுக்குள்ள இருக்கிற புழு, பொடி நண்டு எல்லாம் கிளம்பும். கிளம்பினதெல்லாம் பள்ளத்துலதான் வந்து சேரும். கிழங்கான், கத்தாளை, காலா மீனெல்லாம் அந்தப் பள்ளத்தோட நீளத்துக்கு மேஞ்சுக்கிட்டே போகும். 80 மீட்டர் போட்டீங்கன்னா மீன் மேயற இடத்தைத் தாண்டி, ஒன்னும் இல்லாத மணல்ல இரையைப் போடுறீங்க.

கண்ணுக்குப் பிடிபடலன்னா ஈயத்தை வச்சே தடவிப் பார்க்கலாம். முள்ளில்லாம ஈயத்தை மட்டும் வீசி, ராடைப் பக்கவாட்டுல மெல்ல இழுத்துக்கிட்டு வாங்க. லேசா வழுக்கி வந்த ஈயம் திடீர்னு கனத்து, ஏறுற மாதிரி தெரிஞ்சா, அது பள்ளத்தோட கரைப்பக்கச் சரிவு. அங்கிருந்து ரீல் கைப்பிடி எத்தனை சுத்துன்னு எண்ணி வச்சுக்கோங்க. அடுத்த வீச்சுக்கு அதுதான் அளவு.

வெளிக்கோடு ஒரு இடத்துல அறுந்து, அங்கே மட்டும் அலை உடையாம, நுரையும் மணலும் கலந்த பழுப்புத் தண்ணி கடலுக்குள்ள போய்க்கிட்டு இருந்தா அது இழுப்பு. அதோட ரெண்டு ஓரமும் மீனுக்கு அருமையான இடம். ஆனா அங்கே கால் வைக்கக் கூடாது. முழங்காலுக்கு மேல எந்த இடத்துலயும் இறங்க வேண்டாம். இழுப்புல மாட்டினா கரையை நோக்கி நீந்தாம, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளியே வரணும்.

#3 பிரமிடு_ஈயம்

ஈயத்துக்கு நான் பதில் சொல்றேன்.

உருண்டை ஈயம் மணல்ல உருளத்தான் செய்யும். நம்ம கரையில வருஷத்துல பெரும்பகுதி, கிட்டத்தட்ட மாசி தொடங்கி புரட்டாசி வரைக்கும், கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்துல திரும்பி, வடக்கிலிருந்து தெற்கே வரும். வடக்கே போற ஓட்டம்தான் பலமானது. துறைமுகம் கட்டினதும் தெற்கே மெரினாவில் மணல் குவிஞ்சு, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரிச்சதுக்குக் காரணமே இந்த மணல் ஓட்டம்தான். ஊரையே மாத்தின ஓட்டத்துக்கு 60 கிராம் உருண்டை எம்மாத்திரம்?

அலை அடங்கின நாள்ல 80, 90 கிராம் பிரமிடு ஈயம் போதும். அதோட தட்டைப் பக்கம் மணல்ல புதைஞ்சு பிடிக்கும். ஓட்டம் இருந்தா நாலு கம்பி வச்ச பிடி ஈயம், 100 முதல் 115 கிராம். ஆனா முதல்ல ராடோட அடியில அச்சடிச்சிருக்கிற எடை அளவைப் பாருங்க. 80 கிராம்தான் உச்சம்னு இருந்தா 115 கிராமை முழு வேகத்துல வீசக் கூடாது, ராடு உடையும்.

கம்பி ஈயத்தைப் போட்டவுடனே லைனை விறைப்பா இழுத்துடுறாங்க. அதுதான் பலபேர் செய்யற தப்பு. கம்பி மணல்ல இறங்கறதுக்குள்ள பிடுங்கிட்டு வந்துடும். ஓட்டம் வடக்கே போகுதுன்னா, கடலைப் பார்த்து நின்னு கொஞ்சம் வலது பக்கமா, அதாவது தெற்கே சாய்ச்சு வீசுங்க. ஈயம் தரை தட்டினதும் பெயிலை (ரீல்ல லைனைச் சுத்திவிடுற வளையக் கம்பி) திறந்தே வச்சு 5, 6 மீட்டர் லைன் கூடுதலா விடுங்க. அந்தத் தொய்வு ஓட்டத்துல வில்லு மாதிரி வளைஞ்சு, பக்கவாட்டுல இழுத்து, கம்பியை மணலுக்குள்ள அழுத்தும். அப்புறம் பெயிலைக் கையால மூடி, ராடை நிமிர்த்தி ஸ்டாண்டுல வைங்க. முனை உயர இருந்தாத்தான் லைன் கரையோர அலைக்கு மேல நிக்கும், இல்லன்னா ஒவ்வொரு அலையும் லைனை அடிச்சு ஈயத்தைக் கழட்டும். ஸ்டாண்டுக்கு 2 இன்ச் பிவிசி பைப் 3 அடி, ஒரு முனையைச் சாய்வா வெட்டினது, ஒரு அடி ஆழம் புதைச்சா தாங்கும்.

#4 கரைக்குப்_புதுசு

தெளிவாச்சு அண்ணா. தொய்வு விடணும்னு தெரியவே தெரியாது, விறைப்பா வச்சாத்தான் கடி தெரியும்னு நினைச்சேன். இரைதான் அடுத்த கேள்வி. இறாலைத் தின்னுட்டுப் போறது எது?

#5 உப்பங்கழி

முள்ளைப் பார்த்தாலே தெரியும். இறால் நார் நாராகக் கிழிந்து கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் நண்டு. சுத்தமாகக் காலியாகி, ராடு முனையில் டக் டக் என்று சின்னத் தட்டல் மட்டும் இருந்திருந்தால் கிழங்கான் அல்லது பொடி மீன். 2/0 முள் அவற்றின் வாயில் நுழையாது. கிழங்கானின் வாய் சிறியது, தரையில் இருப்பதை உறிஞ்சித் தின்னும் வாய்.

கிழங்கானுக்கு 6 அல்லது 4 எண் சிறிய முள், நீளத் தண்டு. இறாலை உரித்து 2 செ.மீ. துண்டாக வெட்டி, முள்ளின் வளைவோடு நேராகக் கோர்க்க வேண்டும். சுருண்டு தொங்கினால் இழுக்கும்போது இரை சுழன்று கிளைக் கயிற்றை முறுக்கிவிடும். முள் முனை 2 மி.மீ. வெளியே தெரியட்டும். மேலே மெல்லிய எலாஸ்டிக் நூலை எட்டுப் பத்துச் சுற்று சுற்றினால், வீசும் வேகத்தில் இரை கழன்று பறக்காது. முடிச்சே வேண்டாம், நூல் தானே கவ்விக்கொள்ளும்.

கட்டும் முறை: 40 பவுண்ட் தங்கூசி (ஒற்றை நைலான் லைன்) 90 செ.மீ. அடியில் ஈயம், மேலே ஸ்விவெல் (சுழலும் வளையம்). நடுவில் இரண்டு கிளை, ஒவ்வொன்றும் 15 முதல் 20 செ.மீ., 15 பவுண்ட் தங்கூசி. இரண்டு கிளைகளும் ஒன்றை ஒன்று தொடாத இடைவெளியில் இருக்க வேண்டும். நண்டுத் தொல்லை அதிகமானால் முள்ளுக்கு 5 செ.மீ. மேலே பட்டாணி அளவு தெர்மகோல் உருண்டை ஒன்றைக் கோர்த்துவிடுங்கள். இரை தரையிலிருந்து கொஞ்சம் எழும்பி நிற்கும்.

இறாலை உப்பிட்டு வைத்தால் சதை இறுகும். உரித்த இறால் அரைக் கிலோவுக்குக் கல் உப்பு 100 முதல் 125 கிராம், அடுக்கடுக்காகப் போட்டு, 6 மணி நேரம் கழித்து ஊறிய நீரை வடித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். காலாவுக்கும் பாறை மீனுக்கும் கடம்பா (கணவாய்) இன்னும் நல்லது: விரல் நீளப் பட்டையாக வெட்டி, 3/0 அல்லது 4/0 வட்ட முள்ளில் ஒரே முனையில் மட்டும் குத்தி, மறுமுனை ஆடும்படி விட வேண்டும். வட்ட முள்ளென்றால் கடி விழுந்ததும் ராடை வெடுக்கென்று தூக்கக் கூடாது. மீன் திரும்பி ஓடும்போது முள் தானாகவே வாய் ஓரத்தில் சறுக்கிக் குத்தும். நீங்கள் ரீலை மட்டும் சுற்றினால் போதும்.

இவையெல்லாவற்றையும் விடச் சிறந்த இரை உங்கள் காலடியிலேயே இருக்கிறது. அலை பின்வாங்கும் ஈர மணலில், சின்ன முட்டை மாதிரி இருக்கும் பொடி நண்டு சரேலென்று பின்பக்கமாகப் புதையும். ஈர மணல் பொதபொதவென்று நெளியும் இடத்தில் ஒரு கை அள்ளினால் நாலைந்து கிடைக்கும். அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் எடுங்கள்.

#6 தங்கூசி_கட்சி

யாரும் சொல்லாத ஒன்னு. 20 பவுண்ட் பிரெய்டுல நேரா 90 கிராம் ஈயத்தைக் கட்டி வீசுறது ஆபத்து. வீசுற நேரத்துல லைன் அறுந்தா ஈயம் எங்கே போகும்னு சொல்லவே முடியாது. காலையில நடைப்பயிற்சிக்கு வர்றவங்க இருக்கிற கரை இது.

ஷாக் லீடர், அதாவது லைன் முனையில கட்டுற தடிமனான தங்கூசி, கட்டாயம். கணக்கு எளிது: 28 கிராம் ஈயத்துக்கு 10 பவுண்ட் லீடர். அப்போ 90 கிராமுக்கு 32 வருது, 40 போடுங்க. 115 கிராம்னா 50. நீளம், வீசத் தயாரா நிக்கும்போது ஸ்பூல்ல அஞ்சு ஆறு சுத்து இருக்கணும், மீதி ராடு முழுக்க வந்து கீழே தொங்கற அளவு.

லீடரை பிரெய்டோட சேர்க்க எஃப்ஜி முடிச்சு அருமைதான், ஆனா காத்துல மணல்ல நின்னு கட்டவராது. வீட்டுல கட்டிக்கிட்டு வாங்க. கரையில அறுந்தா டபுள் யூனி: பிரெய்டு பக்கம் 8 சுத்து, தங்கூசி பக்கம் 4 சுத்து, எச்சில் தடவி மெதுவா இறுக்கணும். காயவச்சு இறுக்கினா சூட்டுல தங்கூசி நலிஞ்சு, முடிச்சுக்கிட்டயே அறும்.

என் கருத்து, புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு பிரெய்டே வேண்டாம். 0.35 மி.மீ. தங்கூசி போதும், விலை குறைவு, சிக்கல் விழுந்தா பிரிக்கலாம், விரலை அறுக்காது.

#7 பிரமிடு_ஈயம்

லீடர் விஷயத்துல முழுசா ஒத்துப்போறேன். தங்கூசி விஷயத்துல இல்ல. தங்கூசி நீளும்: 50 மீட்டர் தள்ளி கிழங்கான் தட்டினா முனைக்கு வந்து சேராது. ஓட்டத்துல தடிமனான லைன் கூடுதலா இழுபடும், அப்போ ஈயத்தையும் ஏத்த வேண்டி வரும். பிரெய்டுல சிக்கல் விழுறதுக்குக் காரணம் பெரும்பாலும் ரெண்டுதான். ஸ்பூலை விளிம்பு வரை நிரப்பறது (2, 3 மி.மீ. குறைவா இருக்கணும்), தளர்வா சுத்தறது. ஒவ்வொரு தடவையும் சுத்தும்போது ரெண்டு விரலால லைனை அழுத்திக்கிட்டே சுத்தினா பாதிச் சிக்கல் வராது.

#8 தங்கூசி_கட்சி

அழுத்திச் சுத்தணும்னு பழகறதுக்குள்ள ரெண்டு ஸ்பூல் பிரெய்டு குப்பைக்குப் போயிடும். என் கருத்துல மாற்றமில்லை.

#9 கரைக்குப்_புதுசு

ரெண்டு பக்கமும் குறிச்சுக்கிட்டேன். முட்டுக்காடு, கோவளம் கழிமுகத்துல கொடுவா கிடைக்கும்னு சொல்றாங்களே, இதே செட் போதுமா?

#10 உப்பங்கழி

அந்த ராடு கழிக்கு நீளம், கை சோர்ந்துவிடும். 7 அல்லது 8 அடி மீடியம் ஹெவி, 3000 அல்லது 4000 ரீல், 20 பவுண்ட் பிரெய்டு, 30 முதல் 40 பவுண்ட் ஃபுளூரோகார்பன் லீடர் ஒரு மீட்டர். லீடர் கொடுவாவின் பல்லுக்காக இல்லை. செவுள் மூடியின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், அது தலையை உதறும்போது லைன் அதில் உரசினால் போயிற்று. கையில் பிடிக்கும்போதும் செவுளுக்குள் விரல் விடாதீர்கள், கீழ்த்தாடையை மீன் பிடிப்பான் கருவியால் பிடியுங்கள்.

கொடுவாவைத் தேடுவதற்கு முன் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். சென்னையில் ஏத்தத்துக்கும் (கடல் ஏறுவது) வத்தத்துக்கும் (இறங்குவது) வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். சின்ன வித்தியாசமானாலும், குறுகலான கழிமுகத்தில் அதுவே நல்ல ஓட்டமாகிவிடும். வத்தம் ஆரம்பித்து முதல் இரண்டு மணி நேரம் முக்கியம். சின்ன வாய்க்கால்களிலிருந்து மடவைக் குஞ்சும் இறாலும் வெளியே அடித்துக்கொண்டு வரும். கொடுவா ஓட்டத்துக்குள் நிற்காது. ஒரு கல்லோ, தூணோ, மணல் முனையோ ஓட்டத்தை மறிக்கும் இடத்தில், அதன் பின்னால் தண்ணீர் தேங்கிச் சுழலும் நிழலில் நிற்கும். லூரை (செயற்கை இரை) ஓட்டம் வரும் பக்கம் தள்ளிப் போட்டு, அந்த விளிம்பைத் தாண்டி மிதந்து போகும்படி விட வேண்டும். நேராக அதன் தலையில் போட்டால் கலைந்துவிடும்.

லூர்: 9 முதல் 12 செ.மீ. மின்னோ (கெட்டியான மீன் வடிவ லூர்), அல்லது 10 முதல் 15 கிராம் ஜிக் தலையில் (ஈயத் தலை வைத்த முள்) 4 இன்ச் ரப்பர் மீன். அடிக்கடி பார்க்கிற தவறு, ஒரே வேகத்தில் சுற்றுவது. இரண்டு சுற்று, ஒரு நிறுத்தம், லைன் தளர்ந்து லூர் இறங்கட்டும். கடி பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான். மூன்று கொக்கி முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டினால் விடுவிப்பது எளிது.

மழைக்காலத்தில் வெள்ளம் வந்து முகத்துவார மணல் உடைந்ததும், உள்ளே இருந்த பெரிய கொடுவாக்கள் கடலை நோக்கி நகரும், முட்டையிட அவற்றுக்கு உப்புத் தண்ணீர் வேண்டும். இந்த மீன் ஆணாக வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறுவது. அதாவது பெரியவை எல்லாம் அநேகமாகப் பெண்கள்தான். முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் பண்ணை இருக்கிறது, கொடுவாக் குஞ்சுகளைப் பொரிக்கவைத்து வளர்ப்பதில் நெடுநாள் உழைத்தவர்கள் அவர்கள். அத்தனை பாடுபட்டு உருவாக்க வேண்டிய ஒரு தாய் மீனைக் கழிமுகத்தில் பிடித்து வெட்டுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. நடுத்தர அளவில் ஒன்று போதும், பெரியதைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளெடுத்து விட்டுவிடுங்கள்.

#11 எண்ணூர்_முகத்துவாரம்

கெளுத்தி பத்தி யாரும் எழுதல. கரையில இறால் போட்டா கிழங்கானுக்கு முன்னாடி வர்றது அதுதான். முதுகுல ஒரு முள், ரெண்டு பக்கமும் ஒவ்வொன்னு, மூணுமே விறைச்சு நிக்கும், விளிம்பு ரம்பம் மாதிரி, மேல விஷச் சவ்வு. சின்னக் கெளுத்திதான் அதிகம் குத்தும், ஏன்னா அலட்சியமா கையில எடுக்கறோம். துணியைப் போட்டு மணல்ல அழுத்தி, பிளையரால முள்ளு முனையை நறுக்கிட்டு அப்புறம் தூண்டிலைக் கழட்டுங்க. காலால மிதிச்சுப் பிடிக்காதீங்க, ரப்பர் செருப்பைத் துளைச்சு ஏறும்.

குத்திட்டா கை தாங்கற அளவு சுடுதண்ணியில, சுமார் 45 டிகிரி, அரை மணியிலேருந்து ஒன்றரை மணி நேரம் முக்கி வைக்கணும். விஷம் சூட்டுல சிதையற வகை, அதனால வலி கண்ணெதிரே குறையும். சூட்டைக் குத்தாத கையால பார்த்துட்டு முக்குங்க, குத்தின இடம் மரத்துப்போய் இருக்கும், வெந்துடும். ஃபிளாஸ்க்குல சுடுதண்ணி எடுத்துக்கிட்டுப் போறது இதுக்குத்தான். முள் உள்ளே உடைஞ்சிருந்தாலோ, வீக்கம் ஏறினாலோ உடனே டாக்டர்கிட்ட போங்க, டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கணும். திருக்கை குத்தினாலும் இதே சுடுதண்ணிதான், ஆனா வயித்துல, நெஞ்சுல குத்தினா முள்ளைப் பிடுங்காம நேரா ஆஸ்பத்திரி.

பேத்தை, அதாவது உடம்பை ஊதிக்கிற விஷ மீன், மாட்டினா விட்டுடுங்க. சமைச்சாலும் அந்த விஷம் போகாது.

#12 ஏரிக்கரை

ஏரி ஆளுங்களுக்கும் ஒரு வரி. விரால் பிடிக்கறவங்க உயிர்த் தவளை போடாதீங்க, ரப்பர் தவளை தாராளமா போதும். 40 பவுண்ட் பிரெய்டு, ஆகாயத்தாமரை மேல இழுத்து, இடைவெளி வந்ததும் ரெண்டு விநாடி நிறுத்தணும். தண்ணி வெடிச்சதும் தூக்கினா தவளை மட்டும் பறந்து வரும். ஒன்னு ரெண்டு எண்ணி, லைன்ல கனம் தெரிஞ்சப்புறம் தூக்குங்க.

தண்ணி மேல சிவப்பா குஞ்சுக்கூட்டம் கொதிக்கிற மாதிரி தெரிஞ்சா அங்கே போடாதீங்க. அடியில அப்பா அம்மா காவல் நிக்கும், எதைப் போட்டாலும் கோபத்துல கடிக்கும். அதைத் தூக்கிட்டா அத்தனை குஞ்சும் மத்த மீனுக்கும் கொக்குக்கும் இரை. அப்புறம், நம்ம ஏரிகள்ல மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போயிருக்கும், செம்பரம்பாக்கம், புழல் மாதிரி குடிநீர் ஏரிகளும் இருக்கு. கரையில இருக்கிறவங்ககிட்ட கேட்டு, அனுமதி வாங்கிட்டுத்தான் ராடைப் பிரிக்கணும்.

#13 கரைக்குப்_புதுசு

அடையாறு, கூவம் முகத்துவாரத்துல மடவை துள்ளுதே, அதைப் பிடிச்சுச் சாப்பிடலாமா?

#14 எண்ணூர்_முகத்துவாரம்

வேண்டாம். ஊர்ச் சாக்கடை அத்தனையும் வந்து சேர்ற தண்ணி, மடவை அடிச்சேத்தைத் தின்னுற மீன். எண்ணூர் கழியும் அப்படித்தான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட வந்த எண்ணெய் அங்கே எல்லா இடத்துலயும் படிஞ்சுது. அந்தத் தண்ணியை நம்பி வலை போடுறவங்களுக்கு அது எத்தனை பெரிய இழப்புன்னு குப்பத்துல போய்க் கேட்டா தெரியும்.

இன்னொன்னும் சொல்லணும். காலையில ஃபைபர் படகு ஏத்தற இடத்துலயும், கரைவலை இழுக்கிற இடத்துலயும் தூண்டில் போடாதீங்க. அறுந்த பிரெய்டு வலையில சிக்கினா அவங்க மணிக்கணக்குல உட்கார்ந்து பிரிக்கணும். வெட்டின லைனையெல்லாம் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. தை முதல் பங்குனி வரைக்கும் ராத்திரியில போறவங்க டார்ச் அடிக்காதீங்க, பங்குனி ஆமை கரையேறுற நேரம்.

#15 நீலாங்கரை_அலை

எண்ணூர்க்காரர் சொன்னது எல்லாம் சரி. தூண்டில் வளைவு (கடலுக்குள்ள கல் கொட்டிக் கட்டின தடுப்பு) மேல ஏறுறவங்களுக்கும் அதே எச்சரிக்கை: பச்சைப் பாசி படிஞ்ச கல்லுல கால் வச்சா நிக்காது. ஹைதராபாத்ல இருக்கிற கடல் தகவல் மையமான இன்காய்ஸ் பெருங்கடல் அலை எச்சரிக்கை விடுற நாள்ல, வானம் எவ்வளவு தெளிவா இருந்தாலும் கல்லுப் பக்கமே போகாதீங்க. தொலைவுல எழும்பின அலை காத்தே இல்லாம வந்து அடிக்கும்.

#16 கரைக்குப்_புதுசு

ஞாயிறு போறேன். டைடு டேபிள்ல வத்தம் காலை 6:10ன்னு இருக்கு. எத்தனை மணிக்கு இறங்கணும்? திரும்பி வந்து ரீலுக்கு என்ன செய்யணும்?

#17 நீலாங்கரை_அலை

5:30க்கே கரையில இருங்க. வத்தம் அடிமட்டத்துல இருக்கும்போதுதான் திட்டும் பள்ளமும் நல்லாத் தெரியும். ஒரு வீடோ மரமோ அடையாளம் வச்சு, பள்ளம் எங்கே திட்டை அறுத்துக்கிட்டு வெளியே போகுதுன்னு மனசுல போட்டுக்கோங்க, தண்ணி ஏறினப்புறம் அது கண்ணுக்குத் தெரியாது. 6:30க்கு முதல் வீச்சு, ஏத்தத்தோட 9 மணி வரைக்கும் போடலாம். அந்த நேரத்துல கரைக்காத்து முதுகுப் பக்கமிருந்து வரும், வீசறதும் சுலபம். மதியம் கடல்காத்து எழும்பினா எதிர்க்காத்து, லைன் தொய்யும். 12 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரையைப் பாருங்க. டிராக்கை (மீன் இழுத்தா லைனை விட்டுக்கொடுக்கிற ரீல் பிடி) லைன் பலத்துல நாலுல ஒரு பங்கு வைங்க, 20 பவுண்டுக்குக் கிட்டத்தட்ட 2 கிலோ. லக்கேஜ் தராசை லைன்ல மாட்டி இழுத்துப் பார்த்தா தெரிஞ்சுடும்.

ரீலை வாளியில முக்காதீங்க, பைப்பைத் திறந்து பீய்ச்சவும் கூடாது. உப்பு உள்ளே போய் உட்காரும். டிராக்கை இறுக்கி, பூவாளித் தூறல் மாதிரி நல்ல தண்ணி ஒரு நிமிஷம் ஊத்தி, உதறி, நிழல்ல காயவைங்க. காஞ்சதும் டிராக்கை முழுசாத் தளர்த்திடணும், இல்லன்னா உள்ளே இருக்கிற வாஷர் நசுங்கி, அடுத்த தடவை விட்டு விட்டு இழுக்கும். கடைசியா லைன் ரோலரை விரலால சுத்திப் பாருங்க. மணல் கரகரன்னா ஒரு சொட்டு ரீல் ஆயில். அது சுத்தாம நின்னுட்டா லைன் முறுக்கேறி, மேல பேசின லைன் சிக்கல் எல்லாம் வந்துடும்.